மகள் வீட்டில் படித்தாள், நான் ஆபீஸில் இருந்தேன்

என் மகளுக்குப் பின்னக் கணக்கு புரிந்த நேரத்தில் நான் புனே மகர்பட்டாவில், ஆபீஸின் ஐந்தாவது மாடியில், ஏ.சி. குளிருக்குத் துப்பட்டாவைத் தோளில் சுற்றிக்கொண்டு ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். மேஜைமேல் போன் அதிர்ந்தது. கணவர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். போபோடியில் எங்கள் கட்டடத்து மாடிப்படித் திருப்பத்தில் என் ஒன்பது வயது மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். உடைந்த தரையை மாற்ற வந்த டைல்ஸ் மிஸ்திரி அவள் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்திருந்தார். அவளுக்கு முன்னால் முழு டைல் ஒன்று, பாதியாக வெட்டியது இரண்டு, கால் துண்டுகள் நான்கு. ஒவ்வொன்றின் மேலும் அது எவ்வளவு என்று எழுதியிருந்தாள். கீழே கணவர் ஒரு வரி போட்டிருந்தார். அவர் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் எழுத வராது. ஆங்கில எழுத்தில் தமிழ்: "பிடிச்சிட்டா! மூணு கால் எவ்ளோன்னு அவளே சொல்றா."

மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் சொல்லிக்கொடுத்துப் பார்த்த கணக்கு அது. ஆப்பிளை வெட்டிக் காட்டினேன். கலர் காகிதத்தில் வட்டம் வட்டமாகக் கத்தரித்தேன். அவள் ஆப்பிளைத் தின்றாள், காகிதத்தை மடித்து விசிறி செய்தாள், கணக்கு மட்டும் ஏறவில்லை. இப்போது யாரோ ஒரு மிஸ்திரி, மாடிப்படியில், அரைமணி நேரத்தில்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கைதட்டுகிற படம் ஒன்றை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். மீட்டிங் முடியும்வரை என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: அந்த நிமிஷத்தில் அவள் முகம் எப்படி இருந்திருக்கும்? அதைப் பார்த்தவர் என் கணவர். நான் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். இதை யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன். மூன்றாம் வகுப்பு பாதியில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. காலை ஏழு மணிக்கு வரும், பத்து மணிக்குள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வராது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, அவளை வெளியே உட்காரச் சொல்லி, ஸ்கூலில் ஏதாவது பிரச்சினையா என்று எங்களைக் கேட்டார். வகுப்பில் வரிசையாக ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து வாசிக்க வேண்டும். இவளுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும், திக்குவாள். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். தன் முறை வர இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருப்பாளாம். அதை அவள் எங்களிடம் சொல்லவே ஒரு வாரம் ஆனது. டீச்சர் நல்லவர்தான். "இவளுக்குத் தேவையான நேரம் என்னிடம் இல்லை" என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அன்றிலிருந்து நான் படிக்க ஆரம்பித்தேன். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கிறவர்கள் எழுதியதையெல்லாம் மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். எனக்கு உள்ளூர ஒரு ஆசை இருந்தது. நான் பாளையங்கோட்டைக்காரி. டீச்சராக வேண்டும் என்று பன்னிரண்டாம் வகுப்புவரை சொல்லிக்கொண்டிருந்தேன். மார்க் நன்றாக வந்துவிட்டதால் என்ஜினீயரிங்கில் சேர்த்தார்கள். இப்போது கடவுளே ஒரு வகுப்பறையைக் கொடுக்கிறார், ஒரே ஒரு மாணவியோடு, அதுவும் என் சொந்த மகள் என்று நினைத்தேன். ஆறு நோட்டுகளுக்கு பிரவுன் அட்டை போட்டேன். வெள்ளைப் பலகை வாங்கினேன். டைம்டேபிள் எழுதி லேமினேட் செய்தேன்.

ஏப்ரலில் என் கம்பெனி, எல்லோரும் வாரத்தில் ஐந்து நாளும் ஆபீஸ் வந்தாக வேண்டும் என்று மெயில் அனுப்பியது. கணவர் ஒரு சின்ன கம்பெனியில் மெஷின் டிராயிங் போடுகிறவர். அவருக்கு முதலாளி, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், நேரம் உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

"நான் பாத்துக்கிறேன். நீ எழுதிக் குடுத்தத அப்படியே ஃபாலோ பண்றேன்" என்றார்.

நான்கு நாள் செய்தார். ஐந்தாவது நாள் நான் வீட்டுக்கு வந்தபோது வெள்ளைப் பலகை முழுவதும் ரயில் தண்டவாளம் வரைந்திருந்தது. சிக்னல், தண்டவாளம் பிரிகிற பாயிண்ட், கட்கி ஸ்டேஷன் பிளாட்பாரம். இருவரின் செருப்பிலும் சேறு.

"என்ன செஞ்சிய ரெண்டு பேரும்? டைம்டேபிள் எங்க?"

"ஃப்ரிட்ஜ் மேல இருக்குது, எங்க போயிடும்? காலைல இவ கேட்டா, டிரைவர் எப்படி டிராக் மாத்துறார்னு. எனக்கும் தெரியல. சரி, போய்ப் பாக்கலாம்னு கெளம்பிட்டோம்."

"கணக்கு?"

"அங்கயே பண்ணோம்" என்று மகள் குறுக்கிட்டாள். "லோக்கல் எத்தன மணிக்கு வந்துச்சு, எத்தன மிண்ட் லேட்டுன்னு நான்தான் எழுதினேன். அம்மா, ஒரு லோக்கல் பத்தொம்போது மிண்ட் லேட்!"

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி மாதக்கணக்கு ஆகியிருந்தது. நான் கைப்பையைக்கூட இறக்கவில்லை. "கை கால் கழுவு போ" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வருஷம் முழுக்க நான் மாலையில் வீட்டுக்கு வருகிறவளாக மட்டும் இருந்தேன். மெட்ரோ, அப்புறம் ஷேர் ஆட்டோ என்று போக ஒன்றேகால் மணி நேரம், வர அதற்கும் மேல். கதவைத் திறந்ததும் துப்பறிகிறவள் மாதிரி சுற்றிப் பார்ப்பேன். பால்கனியில் ஈரத் துணியில் சுற்றிய பயறு. சமையலறைத் தராசில் ஒட்டியிருக்கும் மணல். சோபாவுக்கு அடியில் முளா நதிக்கரையில் பொறுக்கிய இறகு. பகலில் நடந்ததெல்லாம் எனக்கு இப்படித்தான், மிச்சம் மீதியாகத்தான் கிடைக்கும். நானாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் சொல்லத் தொடங்கி நடுவிலே அலுத்துவிடுவாள், அவளுக்கு அது பழைய செய்தி.

ஒருநாள் சாப்பிடும்போது, எனக்கு எட்டு மணிக்கு ஒரு போன் பேச வேண்டும் என்றேன். 'எட்டு' என்ற சொல்லைக் கேட்டதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவருக்குப் புரையேறிவிட்டது.

"என்ன? எட்டுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா."

"சொல்லேன், நானும் சிரிக்கேன்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். உண்மையாகவே சொல்ல முயன்றாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, "சொன்னா புரியாதும்மா. நீ அங்க இருந்திருக்கணும்" என்றாள்.

அவள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த சப்பாத்தியை எடுத்தாள். நான் எழுந்து தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய், நிறைந்திருந்த பாட்டிலை மறுபடி நிறைத்தேன்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவள் ஒரு முழுப் பக்கத்தை நிற்காமல் வாசித்தாள். கணவர் அதைப் பதிவு செய்து அனுப்பினார். ஆபீஸ் டாய்லெட்டில் போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். ஒரு தவளையையும் கிணற்றையும் பற்றிய ஆங்கிலக் கதை. இரண்டு இடத்தில் நின்றாள். அங்கே அவர் உதவவே இல்லை, நீளமான மௌனம், பிறகு அவளே அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தாள். கடைசி வரி முடிந்ததும் அவள் "அப்பா!" என்று கத்தினாள். நான் அழுதேன். பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்த பெண், ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டாள். இல்லை, நல்ல செய்தி என்றேன். ஆனால் அந்த அழுகையில் பாதிக்குக் காரணம், அவள் 'அம்மா' என்று கத்தவில்லை என்பதுதான். அதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

இனி நான் செய்த ஒரு சின்னத்தனத்தைச் சொல்ல வேண்டும்.

புனேயில் வீட்டுப் பள்ளி நடத்துகிற அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. கணவரையும் சேர்க்க முடியுமா என்று தொடக்கத்தில் கேட்டேன். அம்மாக்கள் மட்டும் இருந்தால் எல்லோருக்கும் மனம்விட்டுப் பேச வசதி என்று மரியாதையாக மறுத்துவிட்டார்கள். அதனால் குழுவில் நான் இருந்தேன். டைல்ஸ் போட்டோ வந்த அன்று மத்தியானம், டப்பாவில் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே அதை அங்கே போட்டேன். இன்று நாங்கள் மாடிப்படியில் பின்னம் படித்தோம் என்று எழுதினேன். இதயமும் பூவுமாகக் கொட்டியது. என்ன அருமையான யோசனை, உங்களுக்கு மட்டும் எப்படி இதெல்லாம் தோன்றுகிறது என்று கேட்டார்கள். நான் ஒரு சிரிப்புப் படம் போட்டேன். மறுக்கவில்லை.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. அவர் அனுப்புகிற போட்டோவை மத்தியானம் குழுவில் போடுவேன். எனக்கு நன்றாக எழுத வரும். அவர் ஒரு வரியில் சொன்னதை நான் ஏழு வரியாக்குவேன். ஆங்கிலத்தில் 'நாங்கள்' என்று தொடங்கியது டிசம்பருக்குள் 'நான்' ஆகிவிட்டது. அந்தப் பத்து நிமிஷத்தில் மட்டும் நான் அந்த வீட்டில், அந்த மேஜையில், என் மகளோடு இருந்தேன். பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் போட்டோ வர லேட்டானால், "இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?" என்று நானே கேட்பேன்.

நடுவில், தீபாவளி முடிந்ததும், பத்து நாள் லீவு போட்டேன்.

"பத்து நாளும் நீங்க நிம்மதியா ஆபீஸ் போய் உங்க வேலையப் பாருங்க. இங்க நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "நிச்சயமாவா? காலைல அவ கொஞ்சம் ஸ்லோ. அவசரப்படுத்தினா—"

"எம் புள்ளைய எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை அவர் கிளம்பியதும் ஃப்ரிட்ஜ் மேலிருந்து டைம்டேபிளை எடுத்துத் துடைத்துச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு பாடம் முடியும்போதும் போனில் மணி அடிக்கும்படி வைத்தேன். முதல் நாள் அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள், "அம்மா, இது முடிச்சிட்டு மாத்தலாமே?" என்றாள். மணி அடித்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றேன். நான்காம் நாள் வாசிப்பு. என்னிடம் பத்து நாள்தான் இருந்தது. அவர் ஐந்து மாதத்தில் செய்ததை நான் பத்து நாளில் தாண்டிக் காட்ட வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது என்பது இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. அவள் தடுமாறும் ஒவ்வொரு சொல்லையும் நானே சொல்லிக்கொடுத்தேன். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சொல்லுக்கு விரலை நகர்த்தினேன். அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

ஆறாம் நாள் காலை, அவர் ஆபீஸுக்குப் போன பிறகு, அவள் கட்டிலிலிருந்து எழவில்லை. முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

"என்னட்டி, என்ன செய்யுது?"

"வயிறு வலிக்குதும்மா."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். சுவரில் டைம்டேபிள் லேமினேஷன் பளபளத்தது. எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேனோ, அந்தப் பள்ளிக்கூடமாக நானே ஆகிவிட்டேன் என்பது புரிந்தது. அவள் தலையைத் தடவினேன். இன்றைக்குப் பாடம் வேண்டாம் என்றேன். பத்து மணிக்கு வலி போய்விட்டது.

சாயங்காலம் அவர் வந்ததும், மகள் சோர்ந்திருப்பதைப் பார்த்து, "ஏன் டல்லா இருக்கே?" என்று கேட்டார். நான் அடுப்படியில் கையில் கரண்டியோடு நின்றேன். அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள்.

"கேசரி ஜாஸ்தி சாப்பிட்டேன்பா. அதான் வயிறு கொஞ்சம்..."

அன்று எங்கள் வீட்டில் கேசரியே செய்யவில்லை. காலையில் போய்விட்ட அவருக்கு அது தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளை என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாள். நான் அதை ஏற்றுக்கொண்டேன். "ஆமா, நான்தான் நிறைய குடுத்துட்டேன்" என்று கூடவே ஒரு பொய்யைச் சேர்த்தேன். லீவில் இரண்டு நாள் மீதி இருக்கும்போதே, ஆபீஸில் அவசர வேலை என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். அவர் மறுபடி வீட்டில் உட்கார்ந்த முதல் நாள், பலகையில் இருவரும் சேர்ந்து ஒரு பூசணிக்காயின் உட்புறம் வரைந்திருக்கும் போட்டோ வந்தது. அதையும் குழுவில் போட்டேன்.

ஜூன் கடைசியில், முதல் மழைக்குப் பிறகு, குழுவில் உள்ளவர்கள் குடும்பத்தோடு கடக்வாஸ்லா அணைப் பக்கம் கூடுவதாக ஏற்பாடு. புதிதாகச் சேர விரும்பும் ஐந்தாறு பெற்றோரும் வருகிறார்கள். ஏற்பாடு செய்தவர் கோத்ரூட்டில் இருக்கும் ஒரு அம்மா. முதல் வருஷத்தில் கற்றுக்கொண்ட பாடங்களைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும், உங்கள் பதிவுகளைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வருகிறார்கள் என்று எனக்கு எழுதியிருந்தார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏழு பாயிண்ட் எழுதி எடுத்துக்கொண்டேன்.

கணவரிடம், "சும்மா ரெண்டு வார்த்த பேசச் சொல்லியிருக்காவ" என்றேன்.

"பேசேன். நீ நல்லா பேசுவ" என்றார்.

தண்ணீர் ஓரமாகத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். சுட்ட சோளமும் காந்தா பஜி என்கிற வெங்காய பஜியும் வாங்கி வந்து எல்லோரும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் சேற்றில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இந்தியும் ஆங்கிலமுமாகப் பேச ஆரம்பித்தேன். முதல் பாயிண்ட், பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தலைகள் ஆடின. இரண்டாவது, பிள்ளை கேட்கிற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ஒருத்தி நோட்டில் எழுதினாள். மூன்றாவது, காலையில் பிள்ளை எந்த மனநிலையில் எழுகிறாள் என்று கவனியுங்கள். சொல்லும்போதே காகிதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கணவர் கூட்டத்தின் ஓரத்தில் குடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு புதிய அம்மா கை தூக்கினாள். நீங்கள் காலையில் எத்தனை மணிக்கு ஆரம்பிப்பீர்கள், முதலில் எதைச் செய்வீர்கள் என்று இந்தியில் கேட்டாள்.

மிகச் சாதாரணமான கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. காலையில் அவள் எழும்போது நான் மெட்ரோவில் இருப்பேன். ஒரு வருஷமாக என் மகள் காலையில் முதலில் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அதுவரை என் பக்கத்தில் நின்று சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்த மகள், நான் யோசிப்பதைப் பார்த்து எனக்கு உதவினாள்.

"மம்மி தோ ஆபீஸ் ஜாத்தி ஹை. பப்பா படாத்தே ஹை" என்றாள். அம்மா ஆபீஸ் போகிறாள், அப்பாதான் சொல்லிக்கொடுக்கிறார். காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவள் குரலில் துளியும் இல்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் ஒரு ஓரத்தில் கொட்டியது. கோத்ரூட் அம்மா என்னைப் பார்த்தார். நான் காகிதத்தை மடித்தேன்.

"அவள் சொன்னது சரி. போட்டோ போட்டது நான், எழுதியது நான். செய்தது எல்லாம் இவர்" என்று அவரைக் காட்டினேன். "நான் பத்து நாள் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், முடியவில்லை." இதை எந்த மொழியில் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன்.

அவரை முன்னால் இழுத்தார்கள். அவருக்குப் பேச வராது. குடையை மடக்குவதா விரித்தே வைத்திருப்பதா என்றுகூடத் தெரியாமல் நின்றார். பிறகு, எனக்கு ஒன்றும் தெரியாது, முதல் மாதம் தினமும் பயந்தேன் என்றார். காலையில் எழுந்ததும் இருவரும் சேர்ந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோம், அவளாகப் பேசும்வரை நான் பேச மாட்டேன் என்றார். "அவள் ஒரு சொல்லில் நின்றால், நான் மனசுக்குள் இருபதுவரை எண்ணுவேன். வாயைத் திறக்கக் கூடாது. பெரும்பாலும் பன்னிரண்டிலேயே அவளுக்கு வந்துவிடும். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்."

எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கைக்குழந்தைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாக்கள் மட்டும் என்று விதி வைத்த கோத்ரூட் அம்மாவே அவர் நம்பரைக் கேட்டு வாங்கினார். நான் வெளி வட்டத்தில், மழைச்சாரல் பட்டுக் குளிர்ந்துபோன சோளத்தோடு நின்றேன். உண்மையைச் சொல்லிவிட்டதால் மனம் லேசானது என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இருபதுவரை எண்ணுவது என்பதை ஏன் எனக்கு இதுவரை சொல்லவில்லை என்று கோபம் வேறு. பிறகுதான் உறைத்தது, நான் கேட்கவே இல்லை என்று. என்ன செய்தீர்கள் என்றுதான் தினமும் கேட்டேன். எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது கார் கண்ணாடியில் மழை அடித்தது. மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள்.

"போட்டோல்லாம் நான் குரூப்ல போட்டது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"டிசம்பர்லயே தெரியும். நானும் இவளும் போற லைப்ரரிக்கு வர்ற, உங்க குரூப்ல இருக்கற ஒருத்தங்க காட்டுனாங்க."

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"என்னான்னு கேக்கறது? நீ ஆபீஸ்ல உக்காந்துட்டு இதயே நெனச்சிட்டு இருக்கேன்னு தெரிஞ்சிச்சு. அதுக்கப்புறம் டேபிள தொடச்சிட்டுதான் போட்டோ எடுத்தேன். நல்லா வரணுமில்ல?"

வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. நான் அந்தக் கேசரி விஷயத்தைச் சொன்னேன். டைம்டேபிள், மணி, ஆறாம் நாள் காலை, அவள் என்னைப் பார்த்த பார்வை எல்லாம். சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்டயும் அவளுக்கு வந்துச்சு அந்த வலி. போன ஜூலைல, ரெண்டு வாட்டி. ஏழாம் வாய்ப்பாடு வரலன்னு கத்திட்டேன். உங்கிட்ட சொல்லல."

"ஏன்?"

"நீ உடனே வேலைய விட்டுட்டு வந்துருவேன்னு பயம். நானும் ஒண்ணத்தயாவது உருப்படியா செஞ்சு காட்டணும்ல?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு வருத்தம் வரவில்லை, நிம்மதி வந்தது. என்னைப் போலத்தான் அவரும் என்ற நிம்மதி. அந்த ஒரு வருஷத்தில் அவர்மேல் அவ்வளவு பிரியம் எனக்கு வேறு எப்போதும் வந்ததில்லை.

அடுத்த வாரம் என் மேனேஜரிடம் போய், வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும் என்று கேட்டேன். காரணம் கேட்டார். மகளின் படிப்பு என்றேன். ஒரு வருஷமாக நான் இதைக் கேட்டதே இல்லை. முழு வகுப்பறையும் கிடைக்காவிட்டால் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று இருந்துவிட்டேன் போலிருக்கிறது. ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு அவர் சரி என்றார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் லேப்டாப்போடு அவர்கள் மேஜையின் மறுமுனையில் உட்காருகிறேன். மத்தியானம் ஒரு மணி நேரம் எனக்கு. தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பாவும் மகளும் இரண்டு பேரும் மாணவர்கள். அவர் 'ழ' எழுதினால் நண்டு மாதிரி இருக்கும். மகள் ஒரு சொல்லில் நின்றால் நானும் எண்ணுகிறேன். முதல் வாரங்களில் ஒன்பதிலேயே என் வாய் திறந்துவிடும். அவர் மேஜைக்கு அடியில் காலைத் தட்டுவார். இப்போது பதினைந்துவரை தாங்குகிறேன்.

மற்ற நான்கு நாளும் பொறாமை இருக்கத்தான் செய்கிறது. மாலையில் லிஃப்டிலிருந்து இறங்கும்போது வீட்டுக்குள் அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டால், கையில் சாவியோடு கதவுக்கு வெளியே கொஞ்சம் நின்றுவிடுவேன். அது போகாது என்று ஏற்றுக்கொண்டுவிட்டேன். எங்கள் முதல் வருஷத்தில் நான் கற்றது என்ன என்று யாராவது கேட்டால் ஏழு பாயிண்ட் எல்லாம் என்னிடம் இல்லை. பிள்ளை கற்றுக்கொள்வதைப் பார்ப்பது ஒரு பெரிய ருசி. அதை யாரோடும் பங்குபோட மனசு வராது. வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறவர்கள் முதலில் தங்களுடைய அந்தப் பசியைக் கவனிக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு சிறுமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாத்தாராப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மகளும் அவளும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே மராட்டியில் குசுகுசுவென்று பேச்சு, பிறகு விழுந்து விழுந்து சிரிப்பு. கணவர் ஒரு தட்டில் பிஸ்கட் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

"அப்பா! தட்டிட்டு வரமாட்டியா?" என்றது மகளின் குரல்.

அவர் தட்டோடு, நான் முறத்தில் பட்டாணியைக் கொட்டிக்கொண்டிருந்த சமையலறைக்கு வந்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

"என்ன பேசிக்கிறாங்க உள்ள?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்?"

"காலைலேர்ந்து ரெண்டு வாட்டி அந்தப் பொண்ணு பேரத்தான் சொல்றா." அவர் கழுத்தை நீட்டி மூடிய கதவைப் பார்த்தார். "அப்படி என்ன சிரிப்போ."

அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம், ஒரு வருஷமாக நான் சுமந்தது. ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. முறத்தில் இருந்த பட்டாணியில் பாதியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் உரிக்க ஆரம்பித்தோம்.